இந்த நோட்டில் வேறு யாரெல்லாம் எழுதுவீர்கள்?

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த உளவியல் ஆய்வுப் பிரிவில் இப்போது கள ஆய்வாளர் அவள்தான். நான் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொல்லலாம். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பதையும் சொல்லித்தான் ஒப்படைத்தேன்.

நாங்கள் நோட்டுப் புத்தகத்தில் செய்த வேலையை அவர்கள் இப்போது செல்போன் செயலியில் செய்கிறார்கள். பெரணமல்லூரில் ஒருவர், ஐம்பத்திரண்டு வயது, ஆண். ஒரே வாரத்தில் அவர் பதிவு செய்த நினைவுகளைத் திவ்யா வாசித்துக் காட்டினாள். நடு ரோட்டில் லாரிக்கு டயர் மாற்றியது. போன வருடம் கணக்கு டீச்சர் காதைத் திருகியது. தலைப்பிரசவத்தில் வலி எடுத்தது.

"சாஃப்ட்வேர்ல ஏதோ பக் மேடம். டெவலப்பர்கிட்ட சொல்லிட்டோம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த டெவலப்பரைப் பாவம் விட்டுடு. அந்த வீட்டுல எத்தனை டச் போன் இருக்குன்னு மட்டும் கேளு" என்றேன். மறுநாளே திரும்பக் கூப்பிட்டாள். வீட்டில் ஒரே ஒரு போன்தானாம். கணவர், மனைவி, எட்டாவது படிக்கும் பையன், மூன்று பேரும் அதில்தான் எழுதியிருக்கிறார்கள். பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டாள். நான் ஒன்றும் ஜோசியம் சொல்லவில்லை. இதே தவறை அவள் பிறந்து நடை பழகிய காலத்திலேயே நான் செய்திருக்கிறேன். அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் சொந்த ஊர் ஆரணி. அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். நான் உளவியலில் பி.ஏ. படித்தபோது, பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பைத்தியத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் ஆய்வு, தானாக வரும் நினைவுகளைப் பற்றியது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு முன் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடை திடீரென்று ஞாபகம் வருகிறது. நீங்கள் அதைத் தேடவில்லை, அதுவாக வந்தது. அப்படிப்பட்ட நினைவு எப்போது வருகிறது, எதைப் பார்த்து, எதைக் கேட்டு வருகிறது, வந்தால் மனம் என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரச் சொன்னால் அது வராது. அதனால்தான் சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, அவரவர் வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டங்கள். நேரம், செய்துகொண்டிருந்த வேலை, நினைவைத் தூண்டியது எது, நினைவு என்ன, மனநிலை எப்படி. கடைசியில் ஒரு வரி: 'தானாக வந்ததா, நானாக நினைத்ததா?' வந்த கையோடு இரண்டு வார்த்தை குறித்துவிட வேண்டும். விரிவாகச் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம். சொல்ல விருப்பமில்லாத நினைவு என்றால் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், நாங்கள் ஏன் என்று கேட்க மாட்டோம். மாதம் முடிந்ததும் நோட்டை வாங்கிவந்து, எழுதியதைக் குறியீடுகளாக மாற்றிக்கொண்டு, நோட்டைக் கூழாக அரைக்க அனுப்பிவிடுவோம். யார் எழுதியது என்பது எங்கள் வாயிலிருந்து எந்தக் காலத்திலும் வெளியே வரக் கூடாது.

இந்த விதிகளை எல்லாம் வகுத்தவர் தரணேந்திரன் சார். பெரணமல்லூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், தண்ணீரும் குடிக்க மாட்டார். மாலை ஐந்தரைக்கு எந்த மீட்டிங்கும் முடிந்துவிடும், அப்போது யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எவர்சில்வர் கூஜாவில் கொண்டுவருவார். பென்சிலைப் பிளேடால் சீவி, சீவலை ஒரு தாளில் மடித்துக் குப்பைக்கூடையில் போடுவார். குரல் ஏறி ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை ஏறும். சாதாரண நாளில் "வாம்மா புவனா" என்பவர், கோபமான நாளில் "வாங்க புவனேஸ்வரி மேடம்" என்பார்.

நான் அதை முதலில் கேட்டது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். ஆரணி மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பெண்களிடம் நோட்டு கொடுத்திருந்தேன். பாதி நோட்டுகள் காலியாகவே கிடந்தன. பாவம், தெரியவில்லை போலிருக்கிறது என்று நானே பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் ஞாபகம் வந்ததா, கல்யாணம் ஞாபகம் வந்ததா என்று எடுத்துக் கொடுத்தேன். நோட்டுகள் மளமளவென்று நிரம்பின. எனக்கோ ஏகப்பட்ட பெருமை. சார் நான்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரே மை, ஒரே நேரம், வரிசையாகப் பள்ளிக்கூடமும் கல்யாணமும்.

"வாங்க புவனேஸ்வரி மேடம். நீங்க கேட்டு வர்றது பதில். கேக்காம வர்றதுதான் நமக்கு வேணும்" என்றார். அவ்வளவுதான். எல்லா நோட்டுகளையும் என் கையாலேயே அரைக்கும் சாக்கில் போடவைத்தார். அன்றோடு நான் கேள்வி கேட்பதை விட்டேன். ஆர்வம் இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்வேன். இந்தப் பிரிவிலேயே வாயை மூடத் தெரிந்த ஆள் நான்தான் என்று ஒரு கர்வமே வந்துவிட்டது.

சில வருடம் கழித்து நெசவாளர்களிடம் இதே ஆய்வைச் செய்யலாம் என்று சார் முடிவெடுத்தார். காரணம் எளிமையானது. கையும் காலும் பழகிய வேலையைத் தாமாகச் செய்துகொண்டிருக்கும்போதுதான் மனம் ஊர்சுற்றப் போகும். ஆரணிக்காரி என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பக்கத்தில் முள்ளிப்பட்டைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே வீட்டுக்கு வீடு தறி.

முதல் நாளே சிக்கல். நான் பால்பாயிண்ட் பேனாவைப் பையிலிருந்து எடுத்ததும், ஏகாம்பரம் என்ற நெசவாளர் பாம்பைக் கண்டதுபோல் எழுந்துவிட்டார். பட்டில் ஒரு புள்ளி மை விழுந்தால் சேலையே போச்சு. பேனா தறியை அண்டக் கூடாது என்றால், நினைவு வந்த கையோடு எப்படிக் குறிப்பது? அதற்கு வழி சொன்னவரும் அவரே. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் முடிந்துகொள்ளத் தறிக்குப் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் கழிவு இழை தொங்கும்.

"இழை அறுந்தா முடி போடறோம். நெனப்பு வந்தா அதுக்கும் ஒரு முடி போட்டுக்கறோம். சோத்துக்கு ஏந்துக்கறப்போ முடிய பாத்து எழுதிக்கலாமே மேடம்" என்றார்.

சார் இதைக் கேட்டுச் சிறு பிள்ளைபோல் சந்தோஷப்பட்டார். முடிச்சு முறை என்று பெயர் வைத்து ஆய்வுக் குறிப்பில் ஏகாம்பரத்தின் யோசனை என்றே எழுதினார். முள்ளிப்பட்டு முழுக்கத் தறிக்குத் தறி முடிச்சுக் கயிறு தொங்கியது. வாரம் ஒருமுறை போவேன், பக்கங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் எண்ணுவேன். எழுதியவர் முன்னால் வாசிப்பது விதிக்கு விரோதம். ஏகாம்பரத்தின் தறியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கயிறுகள் தொங்கியதைப் பார்த்தேன். மனிதர் எவ்வளவு ஒழுங்கு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஏன் இரண்டு என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே கற்றிருக்கிறேன்.

மாதக் கடைசியில் நோட்டு வாங்கப் போனபோது அவர் மனைவி லோகநாயகிதான் எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு பக்கம் காலியா கீது மேடம், வர வாரம் வாங்கிக்கறீங்களா" என்றார். என்ன ஒரு ஈடுபாடு என்று நினைத்தபடி, பரவாயில்லை என்று நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பிரித்தேன். எழுதியவர்: ஆண், வயது ஐம்பத்தொன்று. முதல் வாரத்தில் ஒரு பதிவு: 'தூண்டியது: மழைச் சத்தம். நினைவு: ஆத்துல தண்ணி வந்த வருஷம், வயித்துல ஏழு மாசம், இடுப்பு நனைய நடந்து வந்தது.' அப்போதுதான் கையெழுத்தைப் பார்த்தேன். ஒன்று சாய்ந்த எழுத்து, ஒன்று உருண்டை எழுத்து.

இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றி எழுதியிருந்தார்கள். உருண்டை எழுத்து: 'தூண்டியது: மாம்பழக் கலர் பாவு. நினைவு: கவிதா மஞ்சப் பாவாடைய தூக்கிச் சொருகிகினு ராட்டை சுத்தினது.' அதற்குக் கீழே மறுநாள் சாய்ந்த எழுத்து: 'தூண்டியது: பக்கத்து வூட்டு ராட்டை சத்தம். நினைவு: அது ராட்டை சுத்தும்போது கால் கட்டவெரல மடக்கிக்கும்.' ஏகாம்பரம் கவிதா என்று எழுதவில்லை, 'அது' என்றுதான் எழுதியிருந்தார். அதற்கு அடுத்த கட்டத்தில் உருண்டை எழுத்து: 'தூண்டியது: மேல எழுதிக்கீறது. நினைவு: உங்களுக்கும் அது தெரியுமா.' அதன் பிறகு பன்னிரண்டு நாட்கள் இப்படியே ஒருவர் எழுத்துக்கு ஒருவர் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்தது, ரிசல்ட் வந்த அன்று சைக்கிளில் விழுந்தது, வறுத்த மல்லாட்டை வாங்கித் தரச் சொல்லி அழுதது. எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் சாய்ந்த எழுத்தும் 'கவிதா' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் அடியில் நேர்மையாக டிக் போட்டிருந்தார்கள்: 'நானாக நினைத்தது.'

எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அடுத்து வந்தது பயம். ஒரு நோட்டில் இரண்டு பேர் எழுதினால் அது ஆய்வுக்கு உதவாது. ஒருவர் எழுதியதைப் படித்து இன்னொருவருக்கு வருவது தானாக வந்த நினைவும் இல்லை.

மறுநாள் முள்ளிப்பட்டுக்குப் போய் முதல்முறையாகக் கேட்டேன். ஏகாம்பரத்துக்கு என் கேள்வியே புரியவில்லை. "தறி நோட்டு தானே மேடம் குடுத்தீங்க? தறில ரெண்டு பேரு குந்திகினுகீறோம். ரெண்டு பேரும் எழுதினோம்" என்றார்.

தப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. வேலை கொடுக்கும் மாஸ்டர் வீவர் தறிக்கு ஒரு நோட்டு போடுவார். எந்தப் பாவு, என்ன நிறம், சேலையை எப்போது தறியிலிருந்து இறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் வீட்டுக்காரருடையது, நோட்டு தறியுடையது. அகலமான கரை போட்ட சேலைக்கு ஒரு ஆள் போதாது. கரை ஓரத்தில் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், பெரும்பாலும் மனைவி. அந்த ஊரில் ஒரு நோட்டு வந்து சேர்ந்தால் அது ஒரு ஆளுக்கு என்று யாருக்கும் தோன்றாது. ஆரணியில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பாதிக்கு மேல் இதே கதை. ஒப்புதல் படிவத்திலும் ஆண்கள் மட்டுமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெண்களின் நினைவுகளை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கிளம்பும்போது லோகநாயகி வாசல்வரை வந்தார். மகள் கவிதாவைப் பற்றி அவராகவே சொன்னார். களம்பூர் ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். நான்கு வருடம் ஆகிறது. பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட இல்லை, ஆனால் யாரும் போகவுமில்லை, அவள் வரவுமில்லை. வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார். இவரும் எடுக்கவில்லை. அவருக்கு நினைப்பே இல்லை என்று இவரும், இவளுக்குப் பழகிவிட்டது என்று அவரும் நினைத்திருக்கிறார்கள்.

"ரேசன் கார்டுல கூட பேர எடுத்தாச்சு மேடம். இந்த வூட்ல அது பேரு கீறது அந்த நோட்டுல மட்டுந்தான். அதக் குடுத்துடுங்க" என்றார்.

நோட்டு என் பையில்தான் இருந்தது. விதிப்படி அது சாக்குக்குப் போக வேண்டும். நானாகத் திருப்பிக் கொடுக்க அதிகாரம் இல்லை. சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் ஒரு குறுக்கு வழியும் தோன்றியது. இந்த நோட்டைத் தொலைந்துவிட்டது என்று சொல்லி அவர்களிடம் கொடுத்துவிடலாம். மற்றதைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம். அறிக்கை கொடுக்க இரண்டு வாரம்தான் பாக்கி. பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான், வீட்டில் தினமும் சொல்கிறேன். ஆனால் சாருடைய பென்சில் சீவலை நினைத்தால் அந்தப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வாங்க புவனேஸ்வரி மேடம்" வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. ஒப்புதல் படிவத்தை மட்டும் கேட்டு வாங்கினார். இரண்டு முறை படித்தார். "நாளைக்குப் போலாம்மா" என்றார்.

மறுநாள் நாங்கள் முள்ளிப்பட்டில் இறங்கும்போதே மணி நாலரை. வழியில் பஸ் டயர் பஞ்சர். ஏகாம்பரத்தின் வீட்டில் தறிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, சார் முதலில் மன்னிப்புக் கேட்டார். லோகநாயகியைப் பார்த்துக் கேட்டார். "உங்ககிட்ட கையெழுத்து வாங்காம உங்க எழுத்தை நாங்க எடுத்துட்டுப் போனது தப்பும்மா."

பிறகு நோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "கையெழுத்து இல்லாத நோட்டு எங்க ப்ராஜெக்டோடது கெடையாது. யார் எழுதினாங்களோ அவங்களோடது."

அவர் எதையும் வாய்வார்த்தையாக விடுகிறவர் அல்ல. நோட்டு எண் போட்டு, இதை இன்னாரிடம் திருப்பி ஒப்படைத்தோம் என்று என்னை எழுதச் சொன்னார். இருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஏகாம்பரம் போட்டார். லோகநாயகி பேனாவை வாங்கியதும் தறியைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். சார் நோட்டை அவர் கையில் கொடுத்தார். ஏகாம்பரம் கையெழுத்துப் போட்ட இடத்திலேயே தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மற்ற வீடுகளுக்கும் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் அதே மன்னிப்பு, அதே ஒப்படைப்புக் கடிதம். முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலே பையில் இருந்தது. பஸ்ஸில் கூஜாவையும் அவர் எடுக்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, இந்த முறை சரியான இடத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அறிக்கை போகவில்லை, ப்ராஜெக்ட் நீட்டிப்பும் கிடைக்கவில்லை. நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் திரும்பக் கூப்பிட்டபோது படிவத்தின் முதல் கேள்வியை நான்தான் எழுதினேன்: 'இந்த நோட்டில் வேறு யாரெல்லாம் எழுதுவீர்கள்?' அதற்குப் பதில் வந்த பிறகுதான் நோட்டே கைமாறும். ஆளுக்கு ஒன்று, அவரவர் கையெழுத்து, அவரவர் பெயர் தைத்த துணிப்பை. நான் ஓய்வுபெறும்வரை அந்தக் கேள்வி முதல் வரியிலேயே இருந்தது. கேட்கக் கூடாதது எது என்று சார் கற்றுக்கொடுத்தார். கேட்டே ஆக வேண்டியது எது என்று முள்ளிப்பட்டு கற்றுக்கொடுத்தது. செயலிக்கு மாற்றும்போது அந்த வரியைப் பழைய காலத்துக் கேள்வி என்று எடுத்துவிட்டார்களாம். திவ்யா இப்போது திரும்பச் சேர்த்துவிட்டாள்.

அடுத்த வருடம் புது நோட்டுகளோடு ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். தறியில் இருவரும் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் துணி விரித்து ஒரு கைக்குழந்தை தூங்கியது. எனக்கு முகம் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. கட்டைவிரல் மடங்கியிருந்தது.

நோட்டில் படித்ததை நாங்கள் எங்கேயும் காட்டிக்கொள்ளக் கூடாது, எழுதியவரிடமேகூட. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஏகாம்பரம் நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இது எம் பொண்ணு மேடம், கவிதா. களம்பூர்ல கட்டிக் குடுத்துக்கீறோம்."

"அப்படிங்களா? உங்களுக்குப் பொண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதே" என்றேன்.